தட்டிப் பார்த்தது ஒரு கடையில், வாங்கியது வேறிடத்தில்

தொப்பம்பட்டி வட்டாரத்துக் கபடி, வாலிபால், கிரிக்கெட் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

மக்காச்சோளம் அறுத்த காட்டில் கல் பொறுக்கிக் கோடு போடும் காலம் வந்துவிட்டது. கீரனூர், மேல்கரைப்பட்டி, வாகரை, கள்ளிமந்தையம் என்று ஊருக்கு ஊர் போட்டி நோட்டீஸ் ஒட்டுவார்கள். பொங்கலுக்கு ஒரு சுற்று, பங்குனி சித்திரை நோம்பிகளுக்கு இன்னொரு சுற்று. அதற்கு முன்னால் பந்து, நெட், பேட், முழங்கால் உறை எல்லாம் வாங்கியாக வேண்டும். அவற்றை எங்கே வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் "சரிங்கண்ணா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் பசங்கள் கடை மாறியது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் பழனியில் ஒரு கடை, தாராபுரத்தில் ஒரு கடை என்று இருந்தது. கொஞ்சம் காசு சேர்ந்தபோது திண்டுக்கல்லுக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் டெகாத்லான் என்ற பெரிய விளையாட்டுச் சாமான் கடை வந்த பிறகு, கல்லூரிக்குப் போன பிள்ளைகள் வரும்போதே பை நிறைய வாங்கி வந்தார்கள். இப்போது போனில் விரலை வைத்தால் வாசலுக்கே வந்துவிடுகிறது. இதில் எதையும் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. உங்கள் காசு, உங்கள் விருப்பம். ஆனால் இந்த மாற்றத்துக்கு நடுவே ஒரு பழக்கம் புகுந்திருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

டவுன் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் மேல் அடுக்கிலிருந்து பேட்டுகளை இறக்குகிறார். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, தூக்கிப் பார்த்து, பந்தைத் தட்டிப் பார்க்கிறீர்கள். இது காஷ்மீர் வில்லோ, இது டென்னிஸ் பாலுக்கு என்றே விளிம்பு தடியாகச் செய்தது, இதில் தையல் பந்தை அடித்தால் விரிசல் விடும், உங்கள் உயரத்துக்கு இந்தக் கனம் ஒத்துவராது என்று அவர் அரைமணி நேரம் சொல்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேட்டின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லி வெளியே வருகிறீர்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் போனில் ஆர்டர் போட்டுவிடுகிறீர்கள். அவர் சொன்ன அறிவு உங்களுக்கு வேண்டியிருக்கிறது, அதற்கான கூலி மட்டும் வேறெவருக்கோ போகிறது. காட்டில் ஒருவன் நாள் முழுக்கக் களை எடுக்க, சம்பளத்தைப் பக்கத்துக் காட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

விலை கம்மியாக இருந்தால் வாங்காமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குழுவின் கையில் இருப்பது ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணம். அதில் பாதி நுழைவுக் கட்டணத்துக்கும் வண்டி வாடகைக்கும் போய்விடும். ஐம்பது ரூபாய் வித்தியாசம்கூடப் பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆகவே விலையில் இருந்தே பேசுவோம்.

வாலிபாலை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிப் பந்து 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. அதற்குள் இருக்க வேண்டிய காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ மட்டும். மிகவும் கொஞ்சம். நம் பசங்களோ சைக்கிள் பம்பை எடுத்துக் கல்லு மாதிரி ஆகும்வரை அடிப்பார்கள். வெயிலில் கிடந்த பந்துக்குள் காற்று இன்னும் விரியும். ஒட்டிய பட்டைகளின் ஓரம் தூக்கிக்கொள்ளும், அதற்குள் புழுதி ஏறும், ஒரே மாதத்தில் பந்து கோணிவிடும். ஊசியை எச்சிலில் நனைத்துச் செருகுவதால் வால்வும் போகும், ஒரு சொட்டு கிளிசரின் போதும். போனில் வந்த பந்து கெட்டுப்போனால் இன்னொன்று வாங்குவீர்கள். கடையில் வாங்கியிருந்தால், பழக்கத்துக்கு ரப்பர் பந்தை வைத்துக்கொள், நல்ல பந்தைப் போட்டி அன்றைக்கு மட்டும் எடு என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருப்பார். நம் செம்மண் எப்படி, எந்த ஊர்க் களத்தில் சரளைக்கல் அதிகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வருடத்தில் வாங்கிய பந்துகளைக் கூட்டிப் பாருங்கள். மலிவு எங்கே கிடைத்தது என்பது அப்போது தெரியும்.

கபடிக்கும் அதே கதை. புரோ கபடி 2014இல் டி.வி.யில் வந்தது, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. அதற்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு ஷூ ஆசை வந்தது. வரட்டும், நல்ல ஆசைதான். மேட் விரிப்பில் ஆடுகிறவனுக்கு ஷூ வேண்டும். ஆனால் மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவன் ஷூவுக்குக் கொடுக்கும் பணத்தை முழங்கால் உறைக்கும் கணுக்கால் உறைக்கும் கொடுத்தால் அவன் இன்னும் நான்கு வருடம் கூடுதலாக ஆடுவான். "நீ மண்ணுலதான ஆடப்போற, இது எதுக்கு?" என்று கேட்டு, கையில் எடுத்த ஷூவைத் திரும்ப வைக்கச் சொன்ன கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்கிற அந்த ஒரு வாக்கியம் எந்தப் போனிலும் வராது.

இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, கணக்கில் வராதவை. பரிசுப் பணம் வந்த பிறகு கொடுங்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு நெட்டைக் கொடுத்தது யார்? போட்டி நடத்தும்போது நான்காம் பரிசுக் கோப்பையைக் காசு வாங்காமல் கொடுத்தது யார்? நோட்டீஸ் ஒட்டச் சுவரையும், எந்த ஊரில் எந்தத் தேதியில் ஆட்டம் என்ற செய்தியையும் தந்தது யார்? எதிரணிக்கு ஆள் குறைந்தால் இன்ன ஊரில் ஒரு ரைடர் சும்மா இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியது யார்? உங்கள் அண்ணன்மாரைக் கேளுங்கள், பெயரோடு சொல்வார்கள்.

அந்தக் கடைகளுக்கு இன்று போய்ப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பது கோப்பையும் ஷீல்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும்தான். பேட்டுகள் பின்னால் போய்விட்டன. அவர்கள் விரும்பிச் செய்ததில்லை இது. எது விற்கிறதோ அதைத்தானே வைக்க முடியும்? பந்து விற்பதில்லை என்று பந்தை நிறுத்துவார்கள், பிறகு பந்துக்குத் தையல் போடத் தெரிந்தவரை நிறுத்துவார்கள். அவர் வேறு வேலைக்குப் போனால் திரும்ப வரமாட்டார்.

பெரிய கடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தூரத்து ஊர்க் கதை. வேட்டைக்காரர்களின் கதை. நம் பக்கத்தில் வேட்டை என்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. நாய்களைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவதும்கூடக் குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வேட்டை இன்னும் லைசென்ஸ் வாங்கி, பருவம் பார்த்து, எத்தனை என்று கணக்கு வைத்து நடக்கும் விளையாட்டு. 2016இல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் பேர் வேட்டைக்குப் போனதாகக் கண்டார்கள். துப்பாக்கி, உடுப்பு, கூடாரம், பூட்ஸ் என்று இவர்களுக்கு வேண்டியதை விற்கப் பெரிய பெரிய கடைகள் உண்டு. எந்தக் கடை நம்ம கடை என்பதில் அவர்களுக்குள் ஒரு கட்சி அரசியலே நடக்கும்.

அதில் கபேலாஸ் என்றொரு கடை. 1961இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் சாப்பெல் என்ற சின்ன ஊரில், டிக் கபேலா என்பவர் மீன் தூண்டிலுக்கான செயற்கைப் பூச்சிகளைத் தபாலில் விற்றுத் தொடங்கியது. வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம், மனைவி மேரிதான் கூட்டாளி. பிறகு பக்கத்து ஊரான சிட்னியில் வேர்விட்டு நாடு முழுக்கப் பரவியது. பாடம் செய்த மான்களும் கரடிகளும் நிற்கும் அந்தப் பெரிய கடைகளுக்கு வேட்டைக்காரர்கள் குடும்பத்தோடு போவார்கள், நாம் பழனிக்குப் போவதுபோல. அப்படிப்பட்ட விசுவாசம். போகிற வழியில் அவரவர் ஊரில் இருந்த சின்னத் துப்பாக்கிக் கடைகளையும் தூண்டில் கடைகளையும் தாண்டித்தான் போனார்கள்.

2017இல் கபேலாஸை அதன் போட்டிக் கடையான பாஸ் புரோ ஷாப்ஸ் வாங்கிவிட்டது. ஏறக்குறைய 500 கோடி டாலர். பங்குகளை வாங்கி வைத்திருந்த ஒரு முதலீட்டு நிறுவனம் நெருக்கடி கொடுத்தது, விற்பனை நடந்தது. சிட்னி ஊரில் ஏழாயிரம் பேர்கூட இல்லை, கபேலாஸ் தலைமை அலுவலகத்தில் மட்டும் சுமார் இரண்டாயிரம் வேலைகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. பல ஆண்டுகள் அந்தக் கடையை நம்ம கடை என்று சொல்லி வந்த வேட்டைக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களின் விசுவாசத்துக்கு அங்கே ஓட்டு கிடையாது. அதே வருடம் கேண்டர் மவுண்டன் என்ற இன்னொரு பெரிய வேட்டைச் சாமான் கடை திவாலானது.

அடுத்த வருடம் வேறு மாதிரி நடந்தது. 2018 பிப்ரவரி 14இல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 17 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற பெரிய கடையின் தலைவர் எட்வர்ட் ஸ்டாக், போர்த் துப்பாக்கி மாதிரியான ரைஃபிள்களை இனி விற்கமாட்டோம் என்று அறிவித்தார். இருப்பில் இருந்தவற்றைத் திருப்பி அனுப்பாமல் அழித்தார். 1948இல் அவருடைய அப்பா தூண்டில் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. வேட்டைக்காரர்களில் ஒரு பகுதி கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த முடிவால் 25 கோடி டாலர் அளவுக்கு விற்பனை இழந்ததாக அவரே பின்னர் சொன்னார். இருந்தாலும் பின்வாங்கவில்லை, பல கிளைகளில் வேட்டைப் பிரிவையே எடுத்துவிட்டு வேறு விளையாட்டுச் சாமான்களை வைத்தார். அவர் செய்தது சரி என்பது என் எண்ணம். பிள்ளைகளின் உயிருக்கு முன்னால் விற்பனை பெரிதில்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய கடையின் கதவு எப்போது எந்தப் பக்கம் சாத்தும் என்பது வாங்குகிறவன் கையில் இல்லை. நல்ல காரணத்துக்கும் சாத்தலாம், லாபக் கணக்குக்கும் சாத்தலாம். டெகாத்லான் 1976இல் பிரான்சில் லில் நகரத்துக்குப் பக்கத்தில் மிஷேல் லெக்லெர்க் தொடங்கியது. நம் நாட்டில் 2009இல் பெங்களூரில் கால் வைத்து, 2013க்குப் பிறகு நேரடிச் சில்லறை விற்பனைக்கு வந்தது. சொந்தமாக வடிவமைத்து, தங்கள் பெயரிலேயே செய்வித்து, தங்கள் கடையிலேயே விற்கிறார்கள். அதனால்தான் விலை கட்டுப்படியாகிறது. நல்ல நிறுவனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு ஒரு சாமான் ஓடவில்லை என்று அவர்கள் நிறுத்தினால், வாகரைக்காரனும் பொருளூர்க்காரனும் யாரிடம் போய்க் கேட்பது? டவுன் கடைக்காரரிடம் நீங்கள் பத்துப் பேர் போய் "இந்த நெட்டு இல்லாம முடியாதுங்க" என்று சொன்னால் அடுத்த வாரம் வரவழைப்பார். அந்தக் கடையில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. பத்துக் குழுக்கள் சேர்ந்தால் அந்தக் கடையின் வருட வியாபாரத்தில் நீங்கள் ஒரு பெரிய பங்கு.

டவுன் கடையில் இருக்கும் பந்துக்கும் பேட்டுக்கும் பின்னால் ஒரு பயணமும் இருக்கிறது. சியால்கோட்டில் பேட்டும் பந்தும் செய்துகொண்டிருந்த கைவினைஞர்கள் பலர் 1947இல் எல்லையைத் தாண்டி வந்து ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டார்கள். டெஸ்ட் ஆட்டத்தில் பார்க்கிறீர்களே எஸ்.ஜி. பந்து, அந்த நிறுவனம் 1931இல் சியால்கோட்டில் தொடங்கியது, பிரிவினைக்குப் பிறகு மீரட்டுக்கு வந்தது. காஷ்மீர் வில்லோ பேட்டுகள் அனந்தநாக் பக்கத்துச் சங்கம், ஹல்முல்லா போன்ற ஊர்களில் செதுக்கப்படுகின்றன. அங்கிருந்து மொத்த வியாபாரி வழியாகப் பழனிக் கடையின் மேல் அடுக்குவரை வந்து சேரும் இந்தச் சங்கிலியில், நம்மைப் பார்த்துப் பேசும் ஒரே மனிதர் கடைசிக் கண்ணியில் இருக்கும் டவுன் கடைக்காரர்தான்.

கடைக்காரர்களுக்கும் எனக்குச் சொல்ல இருக்கிறது. இந்த மடல் உங்கள் கண்ணிலும் படட்டும். பிள்ளைகள் ஓடியதற்கு நீங்களும் காரணம். பில் கேட்டால் முகம் சுளிப்பது எதற்கு? அசல் கம்பெனிப் பந்து என்று சொல்லிப் போலியைக் கொடுத்த கடை ஒன்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், ஆனால் அந்தப் பந்தால் ஒரு குழு அரையிறுதியில் பட்ட அவமானம் எனக்கு மறக்கவில்லை. மாற்றிக் கேட்கப் போனவர்களை "நீங்கதான் கெடுத்தீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். பெரிய கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றித் தருகிறார்கள் என்று பசங்கள் சொல்லும்போது நான் என்ன பதில் சொல்ல முடியும்?

தங்கைகள் விஷயத்தில் நான் வாயையே திறக்க முடியாது. ஒரு பெண் பிள்ளை டவுன் கடைக்குள் நுழைந்தால், அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் அளவுக்கு ஷூ இருக்காது, ஸ்போர்ட்ஸ் உள்ளாடை இருக்காது, இருந்தாலும் கேட்கக் கூச்சம். அப்பாவையோ அண்ணனையோ துணைக்கு அழைத்து வந்து, அவர்கள் முன்னால் அளவு சொல்ல முடியாமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவாள். டெகாத்லானில் அவள் தானே நடந்து, தானே எடுத்து, உள்ளே போய் அணிந்து பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. எத்தனையோ பெண் பிள்ளைகள் விளையாட்டை விடாமல் இருப்பதற்கு இந்த ஒரு வசதி காரணம் என்று நான் நம்புகிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அவர் படத்தை நம் ஊர்ப் பெண்கள் போனில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கடை எத்தனை பழைய கடையாக இருந்தால் என்ன, அதற்கு விசுவாசம் கேட்க எனக்கு உரிமையில்லை. ஒரு பெண் ஊழியரையும், திரை போட்ட ஒரு சின்ன அறையையும் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்டூல்களை வெளியே போடுங்கள்.

சரி, தம்பி தங்கைகளே, என்ன செய்யலாம் என்று என் மனதில் ஒரு வழி இருக்கிறது. பனியன் விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான் அது. திருப்பூருக்கு வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்புகிறீர்கள், இத்தனை உருப்படி என்று சொல்லி விலை பேசுகிறீர்கள், பெயரும் நம்பரும் அச்சடித்துப் பார்சலில் வந்துவிடுகிறது. தனித்தனியாகக் கடையில் வாங்கினால் அந்த விலைக்கு வருமா? பந்தையும் நெட்டையும் ஏன் அப்படி வாங்கக் கூடாது? நம் ஒன்றியத்தில் இருக்கும் குழுக்கள் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு முன்னால் ஒன்று, பங்குனிக்கு முன்னால் ஒன்று, ஒரே பட்டியல் போடுங்கள். பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் மூன்று ஊர்க் கடைகளிலும் அந்தப் பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். பில் வேண்டும், அசல் சரக்கு வேண்டும், வால்வு கசிந்தால் மாற்றித் தர வேண்டும், சீசன் முடியும்வரை தையலும் கிரிப் மாற்றுவதும் பார்த்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இத்தனை பந்து ஒரே பில்லில் என்றால் எந்தக் கடைக்காரரும் இறங்கி வருவார். போனில் காட்டும் விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஷூ, உடுப்பு, தண்ணீர் பாட்டில், பை, இதெல்லாம் அவரவர் இஷ்டம். கோயம்புத்தூர் போகிறவன் அங்கேயே அளவு பார்த்து வாங்கட்டும். காலுக்குப் பொருந்துவதுதான் முக்கியம். எல்லாவற்றையும் டவுன் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொன்னால் நீங்களும் கேட்கப்போவதில்லை, அது நியாயமும் இல்லை. குழுவுக்குப் பொதுவான சாமான், பழுது பார்க்க வேண்டிய சாமான், கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் சாமான், இவற்றைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அப்புறம் ஒன்று: ஒரு கடையில் பேட்டைத் தட்டிப் பார்த்து, கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மனதில் முடிவெடுத்தால், அங்கேயே வாங்குங்கள். வாங்கப்போவதில்லை என்றால் அவருடைய அரைமணி நேரத்தை எடுக்காதீர்கள்.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. 1937இல் அங்கே கொண்டுவந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி காட்டுயிர்களையும் அவற்றின் வாழிடத்தையும் காக்கும் வேலைக்கே திரும்பப் போகிறது. 1950 முதல் தூண்டில் சாமான்களுக்கும் அதேபோல ஒரு வரி, அது மீன்வளத்துக்கு. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு பங்கு காட்டுக்கும் ஆற்றுக்கும் போய்விடும். நமக்கு அப்படிச் சட்டம் வேண்டியதில்லை. பொதுப் பட்டியலில் கிடைக்கிற தள்ளுபடியை ஆளாளுக்குப் பிரிக்காமல் களத்துக்கு ஒதுக்குங்கள். சரளையை அள்ளி, மண் கொட்டி, ஒரு ரோலர் ஓட்டினால் போதும். களம் நன்றாக இருந்தால் பந்தும் முழங்காலும் தாங்கும்.

அரசு கொடுத்ததையும் மறக்காதீர்கள். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 2024 முதல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைச் சாமான்கள் கொடுக்கும் வேலை நடந்தது. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தீர்களா? அலுவலகத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டு எடுத்து, ஆடிவிட்டுத் திரும்ப வையுங்கள். இருப்பதைப் பயன்படுத்திய பிறகு, இல்லாததை மட்டும் பட்டியலில் எழுதினால் செலவு பாதியாகும்.

பட்டியல் வேலையை யார் செய்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் கணக்கு நோட்டு வைத்திருப்பவர் தன் குழுவுக்கு வேண்டியதை எழுதி மார்கழி முதல் வாரத்துக்குள் கொடுங்கள். மூன்று கடைகளுக்கும் எடுத்துப் போய் விலை கேட்டு வர நானும் கூட வருகிறேன். எந்தக் கடை என்பதை எல்லாக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். பழைய கடனை நோட்டில் வைத்திருக்கும் குழுக்கள் முதலில் அதைக் கட்டிவிட்டு வாருங்கள், அப்போதுதான் பேசுவதற்கு நமக்கு வாய் இருக்கும். பெண்கள் அணிகளின் பட்டியலைப் பெண்களே எழுத வேண்டும், அளவுகளோடு, தனித் தாளில். ஆண்கள் அளவில் வாங்கி மடித்துத் தைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்தப் பொங்கலோடு நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாலிபால் ஆட்டக்காரன்,
தொப்பம்பட்டி